கிரேன்காரர் வீட்டுக்கு வந்த ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்

என் அப்பா முப்பத்தொரு ஆண்டுகள் கல் குவாரியில் கிரேன் ஓட்டியவர். பாதிக் காலம் பர்கூர்ப் பக்கம், மீதி வேப்பனஹள்ளிப் பக்கம். வெளிநாடுகளில் பாரடைசோ என்ற பெயரில் விலைபோகும் ஊதா வரிக்கல்லைப் பள்ளத்திலிருந்து தூக்கி மேட்டில் வைப்பது அவர் வேலை. கம்ப்ரெஸ்ஸர் இரைச்சல் அவருடைய வலது காதை முழுதாகவும் இடது காதைப் பாதியாகவும் வாங்கிக்கொண்டது. அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது நான் ஒரு கார்ட்டூன் டிவிடி பெட்டியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

"பேரனுக்கா?" என்றார்.

"உங்களுக்குத்தான் அப்பா. இந்தக் குண்டு ஆள் கிரேன் ஆபரேட்டர்."

அதற்குப் பிறகுதான் கண்ணாடியைத் தேடினார்.

பெட்டி, கற்கால ஊரில் வாழும் ஒரு குடும்பத்தின் கதையான ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடரின் முதல் சீசன். வார்னர் நிறுவனம் 2004 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியிட்டது. நான்கு தட்டுகள், 28 கதைகள். ஒவ்வொரு கதையும் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 1960 செப்டம்பர் 30 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடர், அமெரிக்காவில் இரவு நேரத்தில், பெரியவர்கள் சாப்பிட்டு முடித்து உட்காரும் வேளையில் ஒளிபரப்பான முதல் கார்ட்டூன் தொடர். 1966 ஏப்ரல் வரை ஆறு சீசன்கள், 166 கதைகள் ஓடியது. முழுத் தொடரும் 2020 இல் ப்ளூ-ரேயில் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ப்ளூ-ரே கருவி கிடையாது. பழைய டிவிடி கருவி ஒன்று தூசி தட்டினால் ஓடும். அதனால் பழைய பெட்டியையே தேடினேன். இணையத்தில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 1,850 ரூபாய்க்குக் கிடைத்தது. இது நியாய விலைதானா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு இந்தத் தொடர் 1995 இல் அறிமுகம். அப்போது நாங்கள் கிருஷ்ணகிரிப் பழையபேட்டையில் வாடகைக்கு இருந்தோம். தெருவில் இரண்டு வீடுகளுக்குத்தான் கேபிள். பகலில் கார்ட்டூன் நெட்வொர்க், பிறகு அதே சேனலில் பழைய ஆங்கிலப் படங்கள். பக்கத்து வீட்டு வாசற்படியில் நின்றபடி பார்த்ததில் ஆங்கிலம் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் ஒரு காட்சி அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. வேலை முடியும் நேரம். ஒருவன் பறவையின் வாலைப் பிடித்து இழுக்கிறான், அது சங்குபோல் அலறுகிறது. டைனோசரின் முதுகில் அமர்ந்து கல் தூக்கிக்கொண்டிருந்த குண்டு ஆள் "யாபா டாபா டூ" என்று கத்திக்கொண்டே அதன் வால் வழியாகச் சறுக்கி இறங்கி வீட்டுக்கு ஓடுகிறான். அப்பாவும் மாலை ஆறு மணிக்கு இப்படித்தான் இறங்கி வருவார் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவரோ மேலெல்லாம் கல் தூளுடன், ஒன்றும் பேசாமல் வந்து திண்ணையில் உட்காருவார்.

ஆகவே முதல் தட்டைப் போட்டதும் நான் காத்திருந்தது அந்த வால் சறுக்கலுக்காக. ஆனால் முதலில் படமே கறுப்பு வெள்ளையில் வந்தது. என் மனைவி, "ஏமாந்துவிட்டீர்கள்" என்றாள். ஏமாற்றம் எதுவுமில்லை. தட்டு அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் பதிந்தது, எங்கள் டிவி நம் நாட்டு ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையை எதிர்பார்க்கிறது. கருவியின் அமைப்பில் ஒரு பொத்தானை மாற்றியதும் வண்ணம் வந்துவிட்டது. ஒரு தட்டு எந்த நாட்டுக் கருவியில் ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் வட்டாரக் குறியீட்டுத் தொல்லை ஒன்றும் உண்டு: இந்தப் பெட்டி முதலாம் வட்டாரத்துக்கானது, இந்தியா ஐந்தாம் வட்டாரம். பெயர் தெரியாத கம்பெனியின் மலிவான கருவி என்பதால் எங்களுடையது எந்தத் தட்டையும் தின்னும். பெரிய கம்பெனிக் கருவி வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், 1960 இல் அமெரிக்கர்களும் இதைக் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தார்கள். தொடர் முதலிலிருந்தே வண்ணத்தில் தயாரானது, ஆனால் முதல் இரண்டு சீசன்கள் வண்ணமின்றியே ஒளிபரப்பாயின. பொத்தானை மாற்றாத அந்த இரண்டு நிமிடங்கள் எங்களுக்கு அசல் அனுபவம்.

வண்ணம் வந்தது; வால் சறுக்கல் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தொடக்கப் பாட்டும் வரவில்லை. பாட்டும் சறுக்கலும் மூன்றாவது சீசனில் சேர்ந்தவையாம். முதல் இரண்டு சீசன்களுக்கு ‘ரைஸ் அண்ட் ஷைன்’ என்ற வெறும் வாத்திய இசைதான். பின்னாளில் மறு ஒளிபரப்புகளில் பழைய கதைகளின் முகப்பிலும் புதுப் பாட்டை ஒட்டிவிட்டார்கள். இந்தப் பெட்டியில் அந்த ஒட்டை நீக்கி அசல் முகப்பை மீண்டும் வைத்திருக்கிறார்கள். அந்தக் குண்டு ஆள் ஃபிரெட் வேலை முடிந்து காரில் வீடு திரும்புகிறான், பின்னணியில் துள்ளலான இசை. அவ்வளவுதான். முதல் நாள் எனக்குக் கோபமே வந்தது, காசு கொடுத்து வாங்கிய ஞாபகத்தை யாரோ திருடிவிட்டதுபோல. பத்தாவது கதை தாண்டியபோதுதான் இந்த முகப்பே பொருத்தம் என்று பட்டது. முதல் சீசன் கதைகள் பெரும்பாலும் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு நடப்பவை. களைத்த மனிதன், சாப்பாட்டு மேஜை, பக்கத்து வீட்டுக்காரன், மனைவியிடம் சொல்லக்கூடாத ஒரு திட்டம். டைனோசர் எல்லாம் மேல்பூச்சுதான்.

அப்பாவுடன் உட்கார்ந்து பார்த்ததால்தான் இந்தத் தொடரைப் பற்றி ஒன்று புரிந்தது. முன்பு ஒரு முறை பேரன் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ பார்த்துக்கொண்டிருந்தபோது, காது கேட்காத அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதை உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும்தான் இதையும் உருவாக்கினார்கள். ஆனால் இதைப் பார்த்து அப்பா சிரிக்கவில்லை. மூன்றாவது கதையில் விரலை நீட்டி, "அதே மரம். அதே வீடு. நான்காவது தடவை கடந்து போகிறான். ஊரையே சுற்றிச் சுற்றி வருகிறானா?" என்று கேட்டார்.

பிடித்துவிட்டார். ஹன்னாவும் பார்பராவும் வேலை பார்த்த எம்ஜிஎம் திரைப்பட நிறுவனம் 1957 இல் கார்ட்டூன் பிரிவை மூடியதும், அந்த இருவரும் தொலைக்காட்சியின் குறைந்த பணத்துக்கு ஏற்ற வேலை முறையைக் கைக்கொண்டார்கள். உடல் அசையாது, வாய் மட்டும் அசையும், கை மட்டும் அசையும். ஓடும்போது பின்னணியில் வரைந்த படத்தையே திரும்பத் திரும்ப நகர்த்துவார்கள். சினிமாக் கார்ட்டூனில் உடம்பு செய்த வேலையை இங்கே குரல் செய்கிறது. கேட்பவனுக்கு இது வானொலி நாடகம், பார்க்க மட்டும் முடிந்தவனுக்குப் பொம்மைகள் நின்றபடி வாயசைக்கும் காட்சி. குரல் கொடுத்தவர்கள்: ஃபிரெட்டுக்கு ஆலன் ரீட், அவன் மனைவி வில்மாவுக்கு ஜீன் வாண்டர் பைல், பக்கத்து வீட்டு பார்னிக்கு மெல் பிளாங்க், பார்னியின் மனைவி பெட்டிக்கு பீ பெனடரெட். ஆங்கிலத்தில் "யாஹூ" என்று எழுதியிருந்த இடத்தில் "யாபா டாபா டூ" என்று சொல்லட்டுமா என்று கேட்டவர் ரீட்தான். பார்னியின் குரல் முதல் கதைகளில் மூக்கால் பேசுவதுபோல் மெலிந்து இருப்பதையும், பிறகு தடித்து நமக்குத் தெரிந்த சிரிப்பாக மாறுவதையும் கவனித்துக் கேளுங்கள். தட்டுகளை வரிசைப்படி போட்டால்தான் இந்த மாற்றம் பிடிபடும்.

தமிழ் ஒலியும் இல்லை, தமிழ் வசன எழுத்தும் இல்லை. அப்பாவின் இடது காதருகில் உட்கார்ந்து நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. ஃபிரெட்டுக்கு எங்கள் பழைய மேஸ்திரியின் அதட்டலைக் கொடுத்தேன். பார்னிக்குக் காவேரிப்பட்டணத்து மாமாவின் இழுவை. இரண்டாம் நாள் அப்பா சிரித்தார், என் குரலுக்காகத்தான் என்றாலும்.

பெயர் வேடிக்கைகளை மொழிபெயர்ப்பது எளிதாகவே இருந்தது, குவாரிக்காரர் என்பதால். ஃபிளின்ட்ஸ்டோன் என்றால் சக்கிமுக்கிக் கல். பார்னியின் குடும்பப் பெயர் ரபிள், அதாவது உடைந்த சில்லு, குவாரியில் யாரும் வாங்காமல் ஓரத்தில் குவித்து வைப்பது. ஊரின் பெயரே பெட்ராக், மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறை. ஹாலிவுட் இங்கே ஹாலிராக். "சில்லுக்காரன் நல்லவன்" என்று முதல் தட்டிலேயே பார்னிக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது.

கதைகளில் எங்கள் வீட்டில் முதலிடம் ‘நீச்சல் குள’த்துக்கு. ஃபிரெட்டும் பார்னியும் இரு வீட்டு எல்லையிலும் பாதிப் பாதியாக விழும்படி ஒரு குளம் வெட்டுகிறார்கள். செலவும் உழைப்பும் சரிபாதி. குளம் தயாரானதும் சண்டை. யார் எப்போது குளிப்பது, யாருடைய விருந்தாளி யாருடைய பாதியில் இறங்குவது, கடைசியில் நடுவில் வேலி. இதை நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் தாத்தா நிலத்தில் ஒரு பங்குக் கிணறு உண்டு. இரண்டு சகோதரர்கள் சேர்ந்து வெட்டியது. பம்புசெட் வந்ததும் யாருக்கு எந்த நாள் என்று தொடங்கிய தகராறில் பதினோரு ஆண்டுகள் இரு குடும்பமும் கல்யாணப் பத்திரிகைகூடக் கொடுத்துக்கொள்ளவில்லை. அப்பா திரையைப் பார்த்தபடியே, "கிணற்றில் வேலி போட்டவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், சித்தப்பாவுக்கு இந்த யோசனை தோன்றவில்லை" என்றார். பிறகு கதையை நிறுத்தச் சொல்லிவிட்டு, சித்தப்பாவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அந்தப் பதினோரு ஆண்டுகளைப் பற்றி அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இந்தக் குளக் கதையின் துண்டுகள்தான், தொடரை விற்பதற்காக முதலில் செய்த மாதிரிப் படத்திலும் இருக்கின்றன. அது இந்தப் பெட்டியின் கூடுதல் பகுதியில் வருகிறது. ஒன்றரை நிமிடந்தான். அப்போது குடும்பத்தின் பெயர் ஃபிளாக்ஸ்டோன், அதாவது தரையில் பதிக்கும் பலகைக் கல். ஃபிரெட், பார்னி இருவருக்குமே டாஸ் பட்லர் குரல். முகங்கள் இன்னும் கரடுமுரடு. நீண்டகாலம் காணாமல் போயிருந்து பிறகு கிடைத்த துண்டு இது. இதற்காகவே பெட்டி வாங்கலாம் என்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் மூன்று முறை போட்டுப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. மற்ற கூடுதல் துணுக்குகளை ஒரு முறை பார்த்தால் போதும்.

‘ஆள் தேவையில்லை’ என்ற கதையில் பார்னிக்கு வேலை கிடைக்கிறது: தவணை கட்டாதவர்களிடமிருந்து பொருளைத் தூக்கி வருவது. முதல் நாள் முதல் முகவரி ஃபிரெட்டின் வீடு, பொருள் டிவி. டூவீலர் தவணைக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டுபோகும் பையன்களை அறியாத தெரு நம் ஊரில் எது? நண்பனிடம் சொல்லவும் முடியாமல் வேலையை விடவும் முடியாமல் பார்னி திணறும் இடத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ‘டிரைவ்-இன்’ கதையில் இருவரும் மனைவியருக்குத் தெரியாமல் சாலையோர உணவகம் ஒன்றை வாங்குகிறார்கள். கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டும் எந்த டிரைவரைக் கேட்டாலும் ஓரமாக ஒரு ஓட்டல் போடும் கனவைச் சொல்லுவார், என் மச்சான் உட்பட. கறி விலை ஏறிவிட்டது என்று வேட்டைக்குக் கிளம்பி, வாய் ஓயாமல் பேசும் ஒரு டைனோசரை வீட்டு வேலைக்குக் கூட்டிவரும் கதையும் உண்டு. அதன் பெயர் டைனோ. பிற்காலக் கதைகளில் அது நாய்போல் குரைக்குமே தவிர ஒரு வார்த்தை பேசாது. ஏன் என்று யாரும் விளக்கவில்லை, அது ஒரு அழகு.

சில கதைகள் சுமார். தலையில் அடிபட்டதும் ஃபிரெட் நாகரிகக் கனவானாக மாறுவது, அச்சு அசலாக அவனைப் போலவே இருக்கும் பணக்காரன் ஒருவனுடன் ஆள்மாறாட்டம் நடப்பது ஆகியவற்றை நம் சினிமா இதைவிட நன்றாகவே செய்திருக்கிறது. வரிசையாக நான்கு கதைகள் பார்த்தால் ஃபிரெட் வில்மாவிடம் பொய் சொல்வதும் மாட்டிக்கொள்வதும் சலித்துவிடும். "இருபத்தெட்டுக் கதைகள் எப்படிப் பொறுத்தாள்?" என்று என் மனைவி கேட்டாள், கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். சமையலறைக்கும் கடைத்தெருவுக்கும் வெளியே வில்மாவுக்கும் பெட்டிக்கும் பெரிய வேலை கிடையாது. 1960 இன் அமெரிக்கா அது. பதிவு செய்து சேர்த்த சிரிப்பொலி என்னை எரிச்சலூட்டியது, கேட்காதவர் பாக்கியசாலி.

அந்தக் காலத்து அமெரிக்காவின் இன்னொரு முகம்: தொடக்கத்தில் இத்தொடருக்குப் பணம் கொடுத்தது வின்ஸ்டன் சிகரெட். ஃபிரெட்டும் பார்னியும் புகைவிட்டபடி அதன் விளம்பரத்தில் வந்தார்கள். பிறகு 1968 இலிருந்து அதே முகங்கள் குழந்தைகளுக்கான வைட்டமின் மாத்திரையில். பீடியை விட்டு ஒன்பது ஆண்டுகளான அப்பாவிடம் இதைச் சொன்னேன். "விற்கிறவனுக்கு எல்லாம் ஒன்று" என்றார்.

அப்பாவின் தொழில்நுட்ப ஆட்சேபங்களையும் பதிவு செய்யாவிட்டால் இந்த மதிப்புரை நிறைவுபெறாது. ஒன்று, கல்லைச் சுற்றி இரும்புக் கயிறு இல்லை. டைனோசர் பல்லால் கவ்வித் தூக்குகிறது. கிரானைட் கன மீட்டருக்கு இரண்டேமுக்கால் டன் கனக்கும், பல் என்ன ஆகும்? இரண்டு, தொங்கும் கல்லுக்கு அடியில் ஆட்கள் நடக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. மூன்று, ஃபிரெட் கல்லை இறக்கி வைத்ததை அவர் பார்க்கவே இல்லை. எப்போதும் தூக்குவதோடு காட்சி முடிந்துவிடுகிறது. "தூக்குவது யாராலும் முடியும். இறக்குவதுதான் வேலை." கல் வீடுகளைப் பற்றி மட்டும் ஆட்சேபம் இல்லை. மல்லசந்திரம் மலைமேல் இருக்கும் கற்திட்டைகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல். அவை ஈமச் சின்னங்கள் என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அவை வீடுகள்தான். அந்த மூடுகல்லைக் கிரேன் இல்லாமல் எப்படி ஏற்றினார்கள் என்பது அவருடைய நெடுநாள் கவலை. பெட்ராக் ஊரைப் பார்த்ததும், "இப்படி ஏதாவது மிருகத்தை வைத்துத்தான் ஏற்றியிருப்பார்கள்" என்று பாதி விளையாட்டாகச் சொன்னார்.

இனி, பெட்டியின் தரம். வண்ணங்கள் பளிச்சென்று இருக்கின்றன, பழைய படச்சுருளின் புள்ளிகளும் கீறல்களும் அங்கங்கே தெரிகின்றன. எனக்கு அது உறுத்தவில்லை. படம் பழைய சதுர அளவு, ஆகவே அகல டிவியில் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். அதை விரும்பாத என் மகன் படத்தை இழுத்துவைத்தான். ஏற்கெனவே குண்டான ஃபிரெட் அம்மிக்கல்போல் ஆகிவிட்டான். பட்டை இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.

விற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை. "புதிதுபோல்" என்ற விவரிப்பை நம்பினேன். வந்ததில் ஒரு தட்டில் நகக்கீறல்கள். திருமண நாளுக்காக ஃபிரெட் ஐம்பது டாலருக்கு ஒரு பியானோ வாங்குகிறான், திருட்டுப் பியானோ. கதை சூடுபிடிக்கும் நேரத்தில் படம் உறைந்துவிட்டது. மாற்றித் தரக் கேட்டதற்குப் பழைய பொருளுக்கு மாற்று கிடையாது என்று பதில் வந்தது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக்கூடாது என்பதை என் மகனுக்கும் சொல்லி வைத்தேன். மூன்று நாள் அப்பா காலையில் எழுந்ததும், "அந்தப் பியானோ போலீசில் மாட்டியதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் ஓடியது. 1,850 ரூபாய் அதிகந்தான். கீறல் இல்லாத தட்டுகள் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஆயிரத்து இருநூறுக்குள் கிடைத்தால் வாங்குங்கள். குழந்தைகளுக்காக என்றால் வேண்டாம். என் மகன் ஐந்தாவது கதையில் எழுந்துபோய்விட்டான்.

கடைசித் தட்டு முடிந்த இரவு, நான் அவரிடம் வால் சறுக்கலைப் பற்றிச் சொன்னேன். பழையபேட்டை வாசற்படி, பறவைச் சங்கு, டைனோசரின் வால், எல்லாவற்றையும். அது இந்தப் பெட்டியில் இல்லை, மூன்றாவது சீசனில்தான் வரும், வாங்கட்டுமா என்று கேட்டேன்.

"கிரேனை அப்படியே விட்டுவிட்டு வாலில் சறுக்கி இறங்குகிறானா?"

"ஆமாம் அப்பா."

"பூம் கையைத் தாழ்த்தவில்லை, பிரேக் போடவில்லை?"

"இல்லை."

சற்று நேரம் யோசித்தார். "மறுநாள் மேஸ்திரி அவனைக் கேட்டுக்குள் விட்டாரா?" என்றார்.